உடல் பருமனும் மாரடைப்பு பயமும்: எந்த மருத்துவரைப் பார்ப்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். வயது 46. உயரம் 170 செ.மீ., எடை 102 கிலோ, இடுப்புச் சுற்றளவு 112 செ.மீ. ரத்த அழுத்தம் 146/92. ‘கெட்ட கொழுப்பு’ எனப்படும் எல்.டி.எல். 168. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1. அப்பாவுக்கு 51 வயதில் மாரடைப்பு. நீங்கள் பார்த்த இதய மருத்துவர் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை எழுதிக் கொடுத்து, ‘எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள்’ என்று அனுப்பிவிட்டார். எடை குறைப்பு மையம் ஒன்று முதல் நாளே எடை குறைப்பு ஊசி போட்டுவிடலாம் என்கிறது. எடை குறைந்தால் எல்லாமே இறங்கிவிடும் என்ற நம்பிக்கையில் மாத்திரையை நீங்கள் இன்னும் தொடங்கவில்லை. இந்த இருவரில் யார் நிபுணர் என்று கேட்கிறீர்கள்.

இதய நோய்த் தடுப்பு கிளினிக்கில் பல வருடங்களாக நோயாளிகளைப் பார்த்துவருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் சொன்னதை மட்டும் வைத்துப் பார்த்தால் இருவருமே பாதி வேலைதான் செய்திருக்கிறார்கள். ஒருவர் இதயத்தைப் பார்த்தார், எடையை உங்கள் தலையில் கட்டிவிட்டார். இன்னொருவர் எடையை மட்டும் பார்க்கிறார். உங்களுக்குத் தேவை இரண்டையும் ஒரே வேலையாக எடுத்துச் செய்கிற ஒருவர். அவர் இதய மருத்துவராக இருக்கலாம், நாளமில்லாச் சுரப்பி மருத்துவராக இருக்கலாம், அனுபவமுள்ள பொது மருத்துவராகவும் இருக்கலாம். பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, முதல் அரை மணி நேரத்தில் அவர் என்ன செய்கிறார் என்பதை வைத்து அவரைக் கண்டுகொள்ளலாம். எப்படி என்று சொல்லும் முன், இந்த இரண்டு துறைகளும் ஏன் இப்படிப் பிரிந்து கிடக்கின்றன என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் 1948-ல் 5,209 பேரைச் சேர்த்துத் தொடங்கிய ஆய்விலிருந்துதான் ‘ஆபத்துக் காரணி’ என்ற சொல்லே மருத்துவத்தில் வேரூன்றியது. வில்லியம் கானலும் அவரது குழுவினரும் 1961-ல் அந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். ரத்த அழுத்தமும் கொழுப்பும் புகையும் உடனே பட்டியலில் ஏறிவிட்டன. எடை மட்டும் ரொம்ப நாள் வாசலிலேயே நின்றது. ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஏற்றிவிடுவதால்தான் எடை கெடுதல், தனியாக அதற்குப் பங்கில்லை என்ற வாதம் வலுவாக இருந்தது. அதே ஃபிரேமிங்ஹாம் மக்களை 26 வருடம் தொடர்ந்து பார்த்த பிறகு, 1983-ல் ஹெலன் ஹூபர்ட்டும் சக ஆய்வாளர்களும், பருமன் தனித்த ஆபத்துக் காரணியும்தான் என்று காட்டினார்கள்.

லண்டனில் ஜெரமி மாரிஸ் வேறு பக்கத்திலிருந்து வந்தார். இரண்டடுக்குப் பேருந்துகளில் நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கும் ஓட்டுநர்களுக்கு, மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கும் நடத்துநர்களைவிட இதய நோய் அதிகம் என்று 1953-ல் எழுதினார். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த பகுதி. 1956-ல் அவரும் சகாக்களும் நிறுவனம் கொடுத்த சீருடையின் அளவுக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தார்கள். ஒரே வயதில் ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பு நடத்துநர்களுடையதைவிடப் பெரிதாக இருந்தது. வேலையில் சேரும்போதே இரு தரப்பாரும் ஒரே மாதிரி இல்லையோ என்ற கேள்வியை அவரே தன் ஆய்வின் மீது எழுப்பிக்கொண்டார். தன் முடிவைத் தானே சோதிக்கும் இந்தக் குணத்தை நான் மருத்துவர்களிடமும் எதிர்பார்க்கிறேன்.

இடுப்பு என்று வந்ததால் முதல் அடையாளத்தைச் சொல்லிவிடலாம்: நல்ல மருத்துவர் அளவு நாடாவை எடுப்பார். உயரத்தையும் எடையையும் மட்டும் வைத்துப் போடும் பி.எம்.ஐ. கணக்கு, 19-ஆம் நூற்றாண்டில் அடால்ஃப் கெட்லே என்ற பெல்ஜிய நாட்டு வானியலாளரும் புள்ளியியலாளருமான ஒருவர் மக்கள்தொகையின் சராசரியை ஆராய்வதற்குப் போட்டது. 1972-ல் ஆன்செல் கீஸ் அதற்கு இந்தப் பெயரை வைத்தார். ஒரு தனி மனிதரின் இதயத்தை அளக்க அவர்கள் யாரும் அதை உருவாக்கவில்லை. கொழுப்பு எங்கே சேர்கிறது என்பதே முக்கியம் என்று மார்செய் நகரத்து ழான் வாக் 1947-லேயே சொல்லிவிட்டார். வயிற்றுப் பகுதியில் சேரும் கொழுப்பு சர்க்கரை நோயோடும் ரத்தக்குழாய் நோயோடும் சேர்ந்து போகிறது, தொடையிலும் பின்புறத்திலும் சேர்வது அவ்வளவாகப் போவதில்லை என்பது அவர் கண்டது. உலகம் அதைக் காதில் வாங்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

பி.எம்.ஐ. எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு நான் மாணவர்களுக்குக் காட்டும் ஒரு படம் உண்டு. 2004-ல் இந்தியரான சித்தரஞ்சன் யாக்னிக், பிரிட்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின் என்ற இரு மருத்துவ ஆய்வாளர்கள் தங்களையே பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்து வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. பார்வைக்கும் கிட்டத்தட்ட ஒரே உடல்வாகு. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். ஆசிய வம்சாவளியினருக்கு 23-லும் 27.5-லுமே எச்சரிக்கைக் கோடு போட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு அதே வருடம் சொன்னதற்கும் பின்னணி இதுதான். சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வும் அதே 2004-ல் வந்தது. மாரடைப்போடு பி.எம்.ஐ.யைவிட இடுப்புக்கும் பின்புறச் சுற்றளவுக்கும் உள்ள விகிதமே நெருங்கிப் போகிறது என்று அது காட்டியது.

நாடாவை எங்கே வைப்பது என்பதிலும் விஷயம் இருக்கிறது. பேன்ட் கட்டும் இடத்தில் வைத்தால் தவறான அளவுதான் கிடைக்கும். தொப்பை சரிந்தவர்களுக்குப் பேன்ட் அதற்குக் கீழே இறங்கிவிடும், அளவும் குறைந்து தெரியும். கடைசி விலா எலும்பின் அடிப்பகுதிக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, சட்டையை விலக்கி, நாடா தோலில் பதியாமல் படிய, சாதாரணமாக மூச்சை விட்டு முடித்த நொடியில் அளக்க வேண்டும். வந்த அளவு உங்கள் உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். உங்களுக்குப் பாதி என்பது 85. நீங்கள் 112-ல் இருக்கிறீர்கள்.

இரண்டாவது அடையாளம் ரத்த அழுத்தக் கருவியின் பட்டை. பருத்த கையில் சாதாரணப் பட்டையைச் சுற்றினால் அழுத்தம் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், மிகப் பெரிய பட்டை தேவைப்படுகிறவர்களுக்குச் சாதாரணப் பட்டையைப் போட்டபோது மேல் அழுத்தம் சராசரியாக 19.5 புள்ளி கூடுதலாகக் காட்டியது. உங்கள் 146 எந்தப் பட்டையில் எடுத்தது? நடந்து வந்து உட்கார்ந்ததும் எடுத்ததா, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்து, கையை இதய மட்டத்தில் தாங்கலாக வைத்து எடுத்ததா? பெரிய பட்டையைத் தேடி எடுத்து வருகிற செவிலியர் இருக்கும் கிளினிக்கில் மற்ற காரியங்களும் பெரும்பாலும் ஒழுங்காகத்தான் நடக்கும்.

அடுத்து கேள்விகள். குறட்டை உண்டா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதாக வீட்டில் யாராவது சொன்னார்களா, பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் அசருகிறதா என்று அவர் கேட்பார். தூக்கத்தில் மூச்சுத்தடை இருந்தால் எத்தனை மாத்திரை போட்டாலும் ரத்த அழுத்தம் அடங்காமல் படுத்தும். நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளையும் பார்ப்பார். ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள், வலிப்புக்கான வால்ப்ரோயேட், ரத்த அழுத்தத்துக்கான பழைய பீட்டா பிளாக்கர் வகைகள் ஆகியவை எடையை ஏற்றக்கூடியவை. மாற்ற முடிந்ததை மாற்றினாலே சிலருக்குப் பாதி பாரம் இறங்கிவிடும். ஆனால் இவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்ற கேள்வியை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பருமனானவர் மூச்சு வாங்குகிறது என்றால் ‘எடைதான் காரணம்’ என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள், சில மருத்துவர்கள் உட்பட. இதயம் சுருங்குவது சரியாக இருந்தும் விரிவது சரியில்லாத ஒருவகை இதயச் செயலிழப்பு உண்டு. வயிற்றுப் பருமன் அதற்கு முக்கியமான காரணம். எக்கோ எனும் இதய ஸ்கேனில் ‘பம்பிங் நன்றாக இருக்கிறது’ என்று எழுதி வரும், நோயாளியும் நிம்மதியாகப் போய்விடுவார். இன்னொரு நுணுக்கம்: இதயச் செயலிழப்பைக் கண்டுபிடிக்க எடுக்கும் பி.என்.பி. ரத்தப் பரிசோதனை, பருமனானவர்களுக்கு இயல்பிலேயே தாழ்வாக வரும். எண் சாதாரணமாக இருப்பதை வைத்து நோய் இல்லை என்று அவர்கள் விஷயத்தில் முடிவு கட்ட முடியாது. இதைத் தெரிந்துவைத்திருப்பவர் இரண்டு துறையிலும் கால் வைத்திருப்பவர் என்று நம்பலாம்.

பரிசோதனைகள் நிறைய வேண்டியதில்லை. லிப்பிட் எனும் ரத்தக் கொழுப்பு, சர்க்கரை, சிறுநீரகச் செயல்பாடு, சிறுநீரில் அல்புமின் புரதம், ஈரல் நொதிகள், ஓர் ஈ.சி.ஜி., தேவைப்பட்டால் தைராய்டு. இவற்றோடு வாழ்நாளில் ஒரு தடவை, ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் துகள்களில் ஒன்றான லிப்போபுரோட்டீன் ஏ. கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் பரம்பரையாக வருவது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது அதிகமாக இருக்கும், எடை குறைத்தாலும் குறையாது. அப்பாவுக்கு 55 வயதுக்கு முன்னால் மாரடைப்பு வந்திருப்பதால் உங்களுக்கு இது அவசியம். கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்களும் பார்க்க வேண்டும், ஒல்லியாக இருந்தாலும் சரி. மார்வலியோ வேறு தொந்தரவோ இல்லாதவருக்கு ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று டிரெட்மில், ஆஞ்சியோ என்று அடுக்குகிறவரிடம் எனக்கு மரியாதை குறைவு.

இப்போது உங்கள் ஸ்டாடின் விஷயம். மூன்றாவது அடையாளம் இதுதான், எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானதும் இதுதான்: நல்ல நிபுணர் எடை குறையட்டும் என்று காத்திருக்க மாட்டார். எடை குறைந்தால் ரத்த அழுத்தம் இறங்கும், தோராயமாகக் கிலோவுக்கு ஒரு புள்ளி. டிரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பு நன்றாகவே இறங்கும். சர்க்கரையும் இறங்கும். எல்.டி.எல். மட்டும் உங்கள் நம்பிக்கைக்கு ஏற்றபடி இறங்காது. பத்து கிலோ குறைத்தாலும் அதில் ஏற்படும் மாற்றம் சொற்பம். ஸ்டாடின் அதை 30 முதல் 50 சதவீதம் வரை இறக்கும். ஜப்பானின் அகிரா எண்டோ 1970-களில் பூஞ்சைகளிலிருந்து முதல் ஸ்டாடினைப் பிரித்தெடுத்தார். ஸ்காட்லாந்தில் இதுவரை மாரடைப்பு வராத, கொழுப்பு அதிகமான 6,595 ஆண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 1995-ல் வந்தது. மாரடைப்பும் இதய மரணமும் சேர்த்து ஏறக்குறைய 31 சதவீதம் குறைந்திருந்தன. ஆய்வில் சேர்ந்தவர்கள் 45 முதல் 64 வயதுக்குள் இருந்தவர்கள், கிட்டத்தட்ட உங்களைப் போன்றவர்கள்.

மறுபக்கம் ‘லுக் அஹெட்’ ஆய்வைப் பாருங்கள். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும் அதிக எடையும் உள்ள 5,145 பேர். ஒரு பாதியினருக்கு உணவு, உடற்பயிற்சி, ஆலோசனை என்று கிடைக்கக்கூடியதிலேயே தீவிரமான வாழ்க்கைமுறைச் சிகிச்சை. முதல் வருடத்தில் சராசரியாக 8.6 சதவீதம் எடை குறைந்தது. ஏறக்குறைய பத்து வருடம் தொடர்ந்து பார்த்தும் மாரடைப்பு, பக்கவாதம் இவற்றில் இரு குழுவுக்கும் வித்தியாசம் தெரியாததால் நிறுத்திவிட்டார்கள். 2013-ல் முடிவுகள் வெளியானபோது எங்கள் துறையில் பலருக்கு முகம் வாடிப்போனது. வாழ்க்கைமுறை மாற்றம் வீண் என்று அதற்கு அர்த்தமில்லை. அந்தக் குழுவினருக்கு மருந்துகள் குறைந்தன, தூக்கத்தில் மூச்சுத்தடை குறைந்தது, நடமாட்டம் கூடியது. பத்து சதவீதத்துக்கு மேல் குறைத்தவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது இதய ஆபத்தும் குறைவாகத் தெரிந்தது. ஆனால் எடையை மட்டும் நம்பி மற்ற மருந்துகளைத் தள்ளிப்போடுவது ஆபத்தான பந்தயம் என்பதை அந்த ஆய்வுக்குப் பிறகு யாரும் மறுக்க முடியாது.

ஆபத்தைக் கணக்கிட 2023-ல் அமெரிக்க இதயச் சங்கம் ‘பிரிவென்ட்’ என்ற புதிய கணக்கைக் கொண்டுவந்தது. 30 வயதிலிருந்தே போடலாம். மாரடைப்பு, பக்கவாதத்தோடு இதயச் செயலிழப்பையும் சேர்த்துச் சொல்லும். இதில் ஒரு குறை, குடும்ப வரலாறு அந்தக் கணக்குக்குள் இல்லை. திரையில் வரும் சதவீதத்தைப் படித்துக் காட்டிவிட்டு நிறுத்துகிறவர் உங்கள் அப்பாவை மறந்துவிட்டார் என்று அர்த்தம். ஸ்டாடின் வேண்டுமா வேண்டாமா என்று உங்களுக்கு இன்னும் மனசு ஊசலாடினால், இதயக் குழாய்களில் கால்சியம் படிவைப் பார்க்கும் சி.டி. ஸ்கேன் உதவும். ஆனால் 168 எல்.டி.எல்., இந்தக் குடும்ப வரலாறு, ஏறிய ரத்த அழுத்தம் மூன்றும் சேர்ந்திருக்கும்போது நான் ஸ்கேனுக்காகக் காத்திருக்க மாட்டேன். எழுதிக் கொடுத்தவரிடம் பேசி இந்த வாரமே தொடங்குங்கள்.

நான்காவது, அவர் உங்களைத் திட்ட மாட்டார். இது பண்பு மட்டுமல்ல, அறிவு சம்பந்தப்பட்டதும்கூட. 1994-ல் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் லெப்டின் ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். தன் இருப்பு எவ்வளவு என்று கொழுப்புத் திசுவே மூளைக்குச் செய்தி அனுப்புகிறது என்பது அப்போது தெளிவானது. இருப்பு குறைந்தால் மூளை அதைப் பஞ்சகாலம் என்று எடுத்துக்கொள்கிறது. மெல்போர்னில் பிரியா சுமித்ரனும் சகாக்களும் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், 50 பேரைப் பத்து வாரம் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் வைத்து எடையைக் குறைத்துவிட்டு, ஒரு வருடம் கழித்துப் பசி ஹார்மோன்களை அளந்தார்கள். அவை பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. பசி கூடியேதான் இருந்தது. தொலைக்காட்சி எடை குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துச் சோதித்த கெவின் ஹாலின் 2016 ஆய்வில், ஓய்வு நிலையில் உடல் எரிக்கும் ஆற்றல் எதிர்பார்ப்பதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. பெரும்பாலோர் இழந்த எடையில் பெரும்பகுதியைத் திரும்ப ஏற்றிக்கொண்டும் விட்டார்கள். இதையெல்லாம் படித்தவர் ‘வாயைக் கட்டுங்கள்’ என்ற ஒரே வரியோடு நோயாளியை அனுப்ப மாட்டார். ரத்த அழுத்தத்தைப் போல இதுவும் வருடக்கணக்கில் கூடவே வரும் நோய் என்று வைத்துத்தான் பேசுவார்.

ஊசிக்கு வருவோம். அதற்கு முன், எடை குறைப்பு மருந்து என்றாலே பழைய இதய மருத்துவர்கள் ஏன் முகம் சுளிக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர்கள் பட்டது கொஞ்சமில்லை. 1930-களில் டைநைட்ரோபீனால் உடலைக் கொதிக்கவைத்தே சிலரைக் கொன்றது. ஃபென்ஃப்ளூரமைன், ஃபென்டெர்மைன் இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்ட 24 பெண்களுக்கு இதய வால்வு கெட்டுப்போனதை 1997-ல் மேயோ கிளினிக் மருத்துவர்கள் எழுதினார்கள். அந்த வருடமே ஃபென்ஃப்ளூரமைன் சந்தையிலிருந்து போனது. மனநலத்தைப் பாதித்ததால் ரிமோனபான்ட் 2008-ல் போனது. மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டியதால் சிபுட்ரமைன் 2010-ல் போனது. எடையைக் குறைத்து இதயத்தைக் கெடுக்கும் மருந்துகளைத்தான் அந்தத் தலைமுறை பார்த்திருந்தது.

பசியை அடக்கும் ஜி.எல்.பி.-1 வகை ஊசிகள் அந்தக் கதையை மாற்றின. 2023 நவம்பரில் வந்த ‘செலக்ட்’ ஆய்வில் 17,604 பேர். எல்லோரும் 45 வயதுக்கு மேல், பி.எம்.ஐ. 27-க்கு மேல், சர்க்கரை நோய் இல்லாதவர்கள், ஆனால் ஏற்கெனவே இதய அல்லது ரத்தக்குழாய் நோய் உள்ளவர்கள். அந்த வகை ஊசியான செமாக்ளூடைட், வாரம் ஒரு தடவை 2.4 மில்லிகிராம். சராசரியாக மூன்றேகால் வருடத்தில் இதய மரணம், மாரடைப்பு, பக்கவாதம் மூன்றும் சேர்ந்து, ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 8 பேருக்கும் மருந்து போட்டவர்களில் 6.5 பேருக்கும் வந்தன. ‘20 சதவீதம் குறைந்தது’ என்று செய்தியில் வந்தது இதுதான். இரண்டு விதமாகச் சொன்னாலும் உண்மையே. ஆனால் நூறு பேருக்கு ஒன்றரைப் பேர் என்று சொல்கிறவரே உங்களுக்கு நேர்மையாகக் கணக்குக் காட்டுகிறார். மருந்து போட்டவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் வயிற்று உபாதை போன்ற பக்கவிளைவால் நிறுத்திவிட்டார் என்பதையும் அவர் சேர்த்துச் சொல்வார்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்த ஆய்வில் உங்களைப் போன்றவர்கள் இல்லை. உங்களுக்கு இதுவரை இதய நோய் வரவில்லை. எடை குறையும், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. முதல் மாரடைப்பை இந்த ஊசி தடுக்கும் என்று அதே உறுதியோடு யாராவது சொன்னால் ஆதாரத்தைத் தாண்டிப் பேசுகிறார். ஊசியை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதும் முதல் நாளே பேச வேண்டிய விஷயம். செமாக்ளூடைடை நிறுத்தியவர்கள் ஒரு வருடத்துக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்ப ஏற்றிக்கொண்டதாக ஆய்வு இருக்கிறது. டிர்ஸெபடைடு என்ற இன்னொரு ஊசியில் எடை இன்னும் அதிகமாகக் குறைகிறது, 72 வாரத்தில் உயர் அளவில் 20 சதவீதத்தைத் தாண்டியது. அதையும் தொடர்ந்து போட்டால்தான் பலன்.

எனவே அந்த மையத்தில் முதல் நாளே ஊசி என்றால், இவற்றைக் கேட்டார்களா என்று பாருங்கள்: குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் உண்டா, கணைய அழற்சி வந்ததுண்டா, பித்தப்பைக் கல் உண்டா, கண் விழித்திரையில் சர்க்கரைப் பாதிப்பு உண்டா. கொழுப்போடு தசையும் கரையும் என்பதால் போதிய புரதமும் பளு தூக்கும் பயிற்சியும் வேண்டும் என்று சொன்னார்களா? எடை இறங்க இறங்க ரத்த அழுத்த மாத்திரையின் அளவை யார் குறைப்பார்கள்? குறைக்காவிட்டால் எழுந்து நின்றதும் தலைசுற்றி விழுவீர்கள். இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள்.

அறுவைச் சிகிச்சை பற்றி நீங்கள் கேட்கவில்லை. உங்கள் பி.எம்.ஐ. 35-ஐத் தாண்டுகிறது என்பதால் சொல்கிறேன். 2022-ல் திருத்தப்பட்ட சர்வதேச வழிகாட்டுதலின்படி 35-க்கு மேல் இருந்தால் வேறு நோய் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமலே பரிசீலிக்கலாம். ஸ்வீடனில் 1987-ல் தொடங்கி லார்ஸ் ஸ்யோஸ்ட்ரோம் நடத்திய ஆய்வில், அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட சுமார் 2,000 பேருக்குச் செய்யாதவர்களைவிட மரணமும் இதய மரணமும் குறைவாக இருந்தன. சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு அல்ல என்ற குறை அதற்கு உண்டு. இருந்தும் இவ்வளவு நீண்ட காலக் கண்காணிப்பு வேறு எந்த எடைச் சிகிச்சைக்கும் கிடையாது. நல்ல அறுவை நிபுணரைக் கண்டுபிடிக்க ஒரு வழி: ஆபரேஷனைப் பற்றிக் குறைவாகவும், அதற்குப் பிந்தைய வருடங்களில் பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி இவற்றை எப்படிக் கண்காணிப்பார் என்பதைப் பற்றி அதிகமாகவும் பேசுவார்.

சான்றிதழ் பற்றி. அமெரிக்காவில் உடல் பருமன் மருத்துவத்துக்கென்று தனித் தேர்வு வாரியம் 2011-ல் வந்தது. அமெரிக்க மருத்துவச் சங்கம் பருமனை நோய் என்று ஏற்றுக்கொண்டதே 2013-ல்தான். துறை அவ்வளவு இளையது. பல நாடுகளில் ‘எடை நிபுணர்’ என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம். ஆகவே அவருடைய அடிப்படைப் பட்டம் எதில் என்று கேளுங்கள். தயங்காமல் சொல்ல வேண்டும். கூடவே உணவியல் நிபுணர் ஒருவர் இருக்கிறாரா, தூக்கம், மனநலம் இவற்றுக்கு அனுப்ப ஆள் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒற்றை ஆளாக எல்லாவற்றையும் செய்கிறேன் என்பவரால் ஒன்றையும் ஆழமாகச் செய்ய முடியாது. இத்தனை நாளில் இத்தனை கிலோ என்று உத்தரவாதம் கொடுப்பவர், தன் கடைப் பொடியையே வாங்கச் சொல்பவர், தைராய்டு நோய் இல்லாதவருக்கு எடைக்காகத் தைராய்டு மாத்திரை எழுதுபவர், இவர்களைத் தாண்டிப் போய்விடுங்கள். கடைசி வகையினர் இதயத் துடிப்பையே தடுமாறவைத்துவிடுவார்கள்.

சமீபத்திய விவாதம் ஒன்றும் உங்களுக்குப் பயன்படும். ஃபிரான்செஸ்கோ ருபினோ தலைமையில் 58 நிபுணர்கள் கூடிய குழு 2025 ஜனவரியில், உறுப்புகள் ஏற்கெனவே பாதிக்கப்பட்ட பருமன், பாதிப்பு இன்னும் தொடங்காத பருமன் என்று இரண்டாகப் பிரிக்கச் சொன்னது. முதலாவதற்கு உடனடிச் சிகிச்சை, இரண்டாவதற்கு ஆபத்தைப் பொறுத்துக் கண்காணிப்பு அல்லது சிகிச்சை. பிரிக்கும் கோடு அவ்வளவு தெளிவானதல்ல என்பது என் கருத்து. ஏறிய ரத்த அழுத்தம் உறுதியானால் உங்களை முதல் வகையிலேயே வைப்பார்கள். அதனால் காத்திருக்க உங்களுக்குக் காரணம் எதுவும் இல்லை.

புதிய மருத்துவரிடம் போகும்போது பழைய ரத்தப் பரிசோதனைகள், சாப்பிடும் எல்லா மருந்துகளின் அட்டைகள், ஒரு வாரம் காலையும் மாலையும் சரியான பட்டையில் வீட்டில் எடுத்த ரத்த அழுத்தக் குறிப்பு, எந்த வயதில் என்ன எடை இருந்தது என்று தோராயமாக ஒரு தாள், இவை போதும். அவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். ‘என் எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை என்றால் என் இதயத்துக்கு என்ன செய்வீர்கள்?’ ‘நன்றாகக் குறைந்தால், இரண்டு வருடம் கழித்து அது ஏறாமல் இருக்க என்ன செய்வீர்கள்?’ இரண்டுக்கும் திட்டம் வைத்திருப்பவரிடம் தங்கிவிடுங்கள். ஸ்டாடின் தொடங்கிய நான்கிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் லிப்பிட்டைத் திரும்பப் பார்க்க வேண்டும், அந்தத் தேதியை அன்றே எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.